பால், பாலினம், திருநர், ஊடுபால்: எந்தச் சொல் எதைச் சொல்கிறது?

"திருநங்கை என்றால் இரண்டு உறுப்புகளோடும் பிறந்தவர்" என்று உறுதியாக நம்புகிறவர்கள் ஏராளம். "குரோமோசோம் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்" என்பார்கள் சிலர். "பால் என்பதே சமூகம் கட்டிவிட்ட கதை" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். மூன்றுமே தவறு. உடலைப் பற்றிய சொல், ஒருவர் தன்னை உணர்வதைப் பற்றிய சொல், ஆவணத்தில் எழுதும் சொல் ஆகியவற்றைப் பிரிக்காமல் பேசுவதால் வரும் தவறு இது. விவாதம் சூடாவதும் பெரும்பாலும் இதனால்தான்: இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கேள்விக்குள் ஐந்து கேள்விகள்

ஒரு படிவத்தில் 'முகவரி' என்று மட்டும் போட்டிருக்கிறது. பிறந்த வீட்டிலேயே வாழ்கிறவருக்குக் குழப்பமே இல்லை. நிரந்தர முகவரி, இப்போது தங்கியிருக்கும் முகவரி, அடையாள அட்டையில் உள்ள முகவரி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இடம்பெயர்ந்து வாழ்கிறவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். அவர் எதை எழுதினாலும் பொய்யில்லை. எதற்காகக் கேட்கிறார்கள் என்று சொல்லாததுதான் சிக்கல்.

"ஆணா, பெண்ணா?" என்பதும் அப்படித்தான். உடல் எந்த வகையில் அமைந்திருக்கிறது என்று அது கேட்கலாம். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, அவர் தன்னை யாராக உணர்கிறார், உடையிலும் நடையிலும் எப்படித் தோன்றுகிறார், யார்மேல் அவருக்கு ஈர்ப்பு என்பவற்றில் எதையும் கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்றின் பதிலும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாட்டைக் கவனிக்கும் தேவையே வந்திருக்காது. பதில்கள் பிரியும் இடத்தில்தான் தனித்தனிச் சொற்கள் தேவைப்படுகின்றன.

பால்: உடல் எப்படி அமைகிறது

உயிரியலில் பால் என்ற கருத்து இனப்பெருக்க அணுக்களிலிருந்து தொடங்குகிறது. பெரியதும் தானாக நகராததுமான அணு கருமுட்டை. சிறியதும் நீந்துவதுமான அணு விந்தணு. மனிதக் கருமுட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்றாவது வகை அணு மனிதரில் கிடையாது. கருமுட்டை உருவாக்கும் திசையில் அமையும் உடலைப் பெண்பால் என்றும், விந்தணு உருவாக்கும் திசையில் அமையும் உடலை ஆண்பால் என்றும் உயிரியல் வகைப்படுத்துகிறது. இந்த அர்த்தத்தில் 'பால் இரண்டு' என்பது சரியான கூற்று.

ஆனால் எந்தக் குழந்தையின் அணுவையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது வெளியுறுப்பை மட்டும். அந்த வெளியுறுப்பு பல படிகளின் கடைசியில் கிடைக்கும் விளைவு. அந்தப் படிகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் படி குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கி நிற்கும் இழை. மனித உயிரணுவில் பொதுவாக 46 இழைகள், 23 இணைகளாக. கடைசி இணை பெண்களிடம் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ், ஆண்களிடம் எக்ஸ்ஒய். பாலுக்கும் குரோமோசோமுக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாவுப்புழு வண்டுகளில் கண்டறிந்தார்.

கரு உருவாகி ஏறக்குறைய ஆறு வாரம் வரை எந்த இணை இருந்தாலும் உடல் ஒரே மாதிரிதான் வளரும். விதைப்பையாகவோ சினைப்பையாகவோ ஆகக்கூடிய ஒரே சுரப்பி இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு ஜோடிக் குழாய்களும் இருக்கும். ஒரு ஜோடி கருப்பையாகவும் கருக்குழாயாகவும் மாறக்கூடியது, இன்னொன்று விந்துநாளமாக மாறக்கூடியது. இரண்டும் எல்லாக் கருவிலும் உண்டு.

அடுத்த படியைத் தொடங்கிவைப்பது ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு. 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அது வேலை செய்தால் சுரப்பி விதைப்பையாகும். வேலை செய்யாவிட்டால் வேறு மரபணுக்கள் அதைச் சினைப்பையாக வளர்க்கும்.

விதைப்பை உருவானதும் இரண்டு சமிக்ஞைகளை அனுப்புகிறது. ஒன்று, கருப்பையாக வேண்டிய குழாய்களைச் சுருங்கி மறையச் செய்யும் ஹார்மோன். மற்றது டெஸ்டோஸ்டிரோன், அது விந்துநாளக் குழாய்களைக் காப்பாற்றி வளர்க்கிறது. அந்த டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவத்துக்கு மாறினால்தான் வெளியுறுப்பு ஆணுறுப்பாக அமையும். இரு பாலிலும் வெளியுறுப்பின் தொடக்கம் ஒரே சிறு மொட்டுதான். கருவின் மூன்றாவது மாத முடிவுவாக்கில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. பூப்புப் பருவத்தில் ஹார்மோன்கள் மீண்டும் பெருகி மார்பு, மாதவிடாய், மீசை, குரல் என்று அடுத்த சுற்று மாற்றங்கள் வருகின்றன.

இதுவரை பார்த்தது: பால் என்பது உண்மையான உயிரியல் அமைப்பு. குரோமோசோம், சுரப்பி, ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு என்று படிப்படியாக அது உருவாகிறது. பெரும்பாலான உடல்களில் எல்லாப் படிகளும் ஒரே திசையில் போகின்றன.

ஊடுபால்: ஒரு படி வேறு திசையில் போனால்

எல்லாப் படிகளும் ஒரே திசையில் போகாத உடல்களைக் குறிக்கும் சொல் ஊடுபால். இடைபால் என்றும் எழுதுகிறார்கள். இது ஒரே நிலையின் பெயரல்ல, பல நிலைகளுக்கான பொதுப்பெயர்.

எக்ஸ்ஒய் குரோமோசோம், விதைப்பை, போதுமான டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் இருந்தும் அந்த ஹார்மோனை ஏற்கும் வாங்கிகள் உயிரணுக்களில் வேலை செய்யாமல் போகலாம். இதற்கு முழு ஆண்ட்ரோஜன் உணர்விழப்பு என்று பெயர் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களின் பொதுப்பெயர் ஆண்ட்ரோஜன்). குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகப் பிறக்கும், பெண்ணாகவே வளரும், பூப்பில் மார்பும் வளரும். ஆனால் கருப்பை இருக்காது. விதைப்பை அனுப்பும் முதல் சமிக்ஞை தன் வேலையைச் சரியாகச் செய்து அந்தக் குழாய்களை மறையச் செய்திருக்கும். பதினைந்து, பதினாறு வயதாகியும் மாதவிடாய் வரவில்லையே என்று மருத்துவரிடம் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. "குரோமோசோம் டெஸ்ட் எடுத்தால் ஆணா பெண்ணா தெரிந்துவிடும்" என்ற வாதம் உடைவது இங்கேதான். அந்தச் சோதனை குரோமோசோமைக் காட்டும். அதற்குப் பிறகான படிகளைக் காட்டாது.

எஸ்ஆர்ஒய் மரபணு இடம்மாறி எக்ஸ் குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது எக்ஸ்எக்ஸ் உள்ளவர் ஆணுடலோடு பிறப்பார். எக்ஸ்எக்ஸ் குழந்தையின் சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறி ஆண்ட்ரோஜன் சுரப்பது இன்னொரு நிலை. இதில் வெளியுறுப்பு பெண்ணுறுப்புக்கும் ஆணுறுப்புக்கும் இடைப்பட்டதுபோல் தோன்றலாம். இந்த நிலையின் கடும் வடிவத்தில் உடலின் உப்புச் சமநிலை குலைந்து, பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஆகவே பெயர் வைப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை அவசரம்.

மனிதரில் முழுமையாக இரண்டு தொகுதி உறுப்புகளும் இயங்கும் உடல் கிடையாது. 'இரண்டும் கலந்து பிறந்தவர்' என்று பேச்சில் சொல்வது இந்த நிலைகளில் எதையும் சரியாக விவரிக்கவில்லை.

எத்தனை பேர்? இணையத்தில் 1.7 விழுக்காடு என்றும் 0.018 விழுக்காடு என்றும் இரண்டு எண்கள் சண்டையிடுகின்றன. இரண்டும் ஆய்விதழ்களில் வந்தவைதான், வரையறைதான் வேறு. முதல் எண்ணில் பெரும்பங்கு தாமதமாக வெளிப்படும் லேசான அட்ரினல் நிலை. அவர்களில் மிகப் பலர் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்கிறவர்கள். இரண்டாவது எண், குரோமோசோமும் வெளித்தோற்றமும் முரண்படுகிறவர்களையும் வெளித்தோற்றத்தை வகைப்படுத்த முடியாதவர்களையும் மட்டும் கணக்கில் எடுக்கிறது. பிறந்தவுடன் பார்த்ததும் தெளிவாகச் சொல்ல முடியாத வெளியுறுப்பு சுமார் 4,500 பிறப்புகளில் ஒன்று என்பது மருத்துவர்களின் 2006ஆம் ஆண்டுக் கருத்தொற்றுமை அறிக்கை தரும் கணக்கு. ஆகவே எண்ணைச் சொல்கிறவர் எந்த வரையறை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாலினமும் பாலின அடையாளமும்

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று ஒரு சமூகம் வகுத்துவைக்கும் இடம், உடை, பொறுப்பு, எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தது பாலினம். பாலிலிருந்து இதைப் பிரித்துப் பேசும் வழக்கம் 1950களில் மருத்துவ எழுத்துகளில் தொடங்கியது. 1964இல் ராபர்ட் ஸ்டோலர் என்ற மனநல மருத்துவர் பாலின அடையாளம் என்ற கருத்தை முன்வைத்து எழுதினார். ஒருவர் தான் ஆண், பெண், அல்லது வேறு என்று தனக்குள் நிலையாக உணர்வதே பாலின அடையாளம். அதை உடையிலும் பேச்சிலும் வெளியே காட்டும் விதம் பாலின வெளிப்பாடு. முடி வளர்க்கும் ஆணுக்கு வெளிப்பாடு வழக்கத்திலிருந்து மாறுகிறதே ஒழிய, அடையாளம் மாறவில்லை.

பாலின அடையாளத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வலியைப் போலவே, உணர்கிறவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். சோதனை இல்லாததாலேயே அது பொய் என்று முடிவு கட்டுவது சரியல்ல. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பத் தயங்குவதற்கு வேறு காரணம் வேண்டும்.

யாரிடம் ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. அது இந்தக் கணக்கிலேயே வராது. திருநங்கைக்கு ஆணிடமும் ஈர்ப்பு வரலாம், பெண்ணிடமும் வரலாம், யாரிடமும் வராமலும் இருக்கலாம்.

திருநர், திருநங்கை, திருநம்பி

பிறப்பில் பதிவான பாலும் பாலின அடையாளமும் பொருந்தாதவர் திருநர். இது பொதுச்சொல். ஆண் என்று பதிவாகிப் பெண்ணாக வாழ்கிறவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. இரண்டு வகைக்குள்ளும் அடங்காதவர்கள் தங்களைப் பாலின இருமைக்கு அப்பாற்பட்டவர் என்கிறார்கள். பதிவும் அடையாளமும் பொருந்தியவரைக் குறிக்க சிஸ் என்ற சொல் வழங்குகிறது. லத்தீனில் 'இந்தப் பக்கத்தில்' என்று பொருள், வசவு அல்ல.

தமிழ்ச் செய்திகளில் திருநங்கை என்ற சொல்லையே எல்லோருக்கும் பொதுச்சொல்லாகப் போடுகிறார்கள். திருநம்பியைத் திருநங்கை என்று எழுதினால் அவரைப் பெண் என்று எழுதியதாகிறது. பொருள் நேர் எதிராகப் போய்விடுகிறது. தெரியாதபோது திருநர் என்று எழுதினால் போதும்.

மூன்றாம் பாலினம் என்பதையும் கவனித்துப் பயன்படுத்த வேண்டும். சிலர் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். "நான் பெண், மூன்றாவது எதுவும் இல்லை" என்று சொல்லும் திருநங்கைகளும் நிறைய. அலி, ஒன்பது போன்றவை வசவுச் சொற்கள். எந்த இடத்திலும் அவற்றுக்கு வேலையில்லை.

இப்போது முதல் தவறுக்குத் திரும்பலாம். ஊடுபால் உடலமைப்பைப் பற்றிய சொல். திருநர் அடையாளத்தைப் பற்றிய சொல். திருநர்களில் மிகப் பெரும்பாலோர் வழக்கமான ஆணுடலோடோ வழக்கமான பெண்ணுடலோடோ பிறந்தவர்கள். ஊடுபால் உடலோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பதிவான பாலிலேயே நிறைவாக வாழ்கிறார்கள். ஒருவர் இரண்டுமாக இருப்பதும் நடக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றின் காரணமோ ஆதாரமோ ஆகாது. திருநருக்கு நியாயம் கேட்க ஊடுபாலை உதாரணம் காட்டுகிறவர்களும் இதே தவறைத்தான், நல்லெண்ணத்தோடு, செய்கிறார்கள்.

'ஒதுக்கப்பட்ட' பாலா, 'பார்த்து அறிந்த' பாலா?

பிறப்பில் ஒதுக்கப்பட்ட பால் என்ற தொடரின் வேர் ஊடுபால் குழந்தைகளின் சிகிச்சையில் இருக்கிறது. வெளியுறுப்பு தெளிவாக இல்லாதபோது மருத்துவர்கள் உண்மையிலேயே ஒரு முடிவெடுத்து ஒதுக்கினார்கள். பின்னாளில் அது எல்லாப் பிறப்புகளுக்கும் பரவியது. "பெரும்பாலான பிறப்புகளில் யாரும் எதையும் ஒதுக்கவில்லையே, பார்த்ததைத்தானே எழுதுகிறார்கள்" என்ற ஆட்சேபம் நியாயமானது. "எழுதியதோடு நிற்காமல் ஒரு வாழ்க்கையையே சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள்" என்ற பதிலிலும் உண்மை இருக்கிறது. பொதுவான எழுத்துக்கு 'பிறப்பில் பதிவான பால்' என்பதே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. நடந்தது என்ன என்பதை அது யாருக்கும் சார்பில்லாமல் சொல்கிறது.

சிகிச்சை எதை மாற்றும், எதை மாற்றாது

உடலும் அடையாளமும் பொருந்தாத நிலைக்குப் பாலின ஒவ்வாநிலை என்று பெயர். அதனால் வரும் கடுமையான மனவேதனை டிஸ்போரியா. இரண்டும் ஒன்றல்ல, ஒவ்வாநிலை உள்ள எல்லோருக்கும் டிஸ்போரியா இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பாலின ஒவ்வாநிலையை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பிரிவில் வைத்தது. சிகிச்சைக்கு வழி இருக்க வேண்டும், மனநோய் என்ற முத்திரை வேண்டாம் என்பதே நோக்கம்.

ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக டெசிலிட்டருக்கு 300 முதல் 1,000 நானோகிராம், பெண்களிடம் ஏறக்குறைய 15 முதல் 70. ஹார்மோன் சிகிச்சை இந்த அளவைத்தான் நகர்த்துகிறது. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கைக்கு மார்பு வளரும், தசை குறையும், ஹீமோகுளோபின் சில மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கும். பூப்பில் உடைந்த குரல் திரும்ப மென்மையாகாது. உயரமும் எலும்புச் சட்டமும் மாறாது. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்குக் குரல் கனத்துவிடும், மருந்தை நிறுத்தினாலும் அது திரும்பாது. மாதவிடாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நிற்கும். ஆனால் அது கருத்தடை ஆகாது. மாதவிடாய் நின்றபின்பும் கருத்தரித்தவர்கள் உண்டு. குரோமோசோம் எதிலும் மாறுவதில்லை.

ஆகவே 'பால் மாறிவிட்டார்' என்பது துல்லியமில்லாத வாக்கியம். 'எதுவுமே மாறவில்லை' என்பதும் அதே அளவு தவறு. ஹார்மோன், வெளித்தோற்றம், சில உறுப்புகள் மாறுகின்றன. குரோமோசோமும் இனப்பெருக்க அணுவின் வகையும் மாறுவதில்லை. எந்தச் சிகிச்சையும் எடுக்காதவரும் திருநர்தான், ஏனென்றால் அந்தச் சொல் அடையாளத்தைப் பற்றியது.

தவறான கேள்வி கேட்டால் என்ன ஆகும்

மருத்துவமனைப் படிவத்தில் 'பாலினம்' என்று ஒரே கட்டம். திருநம்பி அதில் ஆண் என்று குறிக்கிறார், சரியாகவே. அவருக்குக் கருப்பை வாய் இருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான நினைவூட்டல் அவருக்கு வராது. திருநங்கைக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புரோஸ்டேட் சுரப்பி உடலில் இருக்கும். பெண் என்று மட்டும் பதிவான கோப்பைப் பார்க்கும் மருத்துவருக்கு அது நினைவுக்கு வராமல் போகலாம். தீர்வு எளிது: பிறப்பில் பதிவான பால் ஒரு கட்டம், இப்போதைய பாலின அடையாளம் ஒரு கட்டம், தேவைப்படும் இடத்தில் இன்னின்ன உறுப்புகள் இருக்கின்றனவா என்று ஒரு பட்டியல். யாரையும் புண்படுத்தாமல் தகவலும் கிடைத்துவிடும்.

சொல்லமைப்பு எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். "நீங்கள் உணரும் பாலினமும் பிறப்பில் பதிவான பாலும் ஒன்றுதானா?" என்ற பொருளில் ஒரே வாக்கியமாகக் கேட்டார்கள். சுமார் 2,62,000 பேர், அதாவது 0.5 விழுக்காட்டினர், இல்லை என்றார்கள். ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர்களிடையே 'இல்லை' என்ற பதில் எதிர்பாராத அளவு அதிகமாக இருந்தது. கேள்வி புரியாமலே சிலர் பதில் சொல்லியிருக்கலாம் என்று புள்ளியியல் அலுவலகமே ஏற்றுக்கொண்டு, 2024இல் அந்த எண்களின் அதிகாரபூர்வத் தகுதியைக் குறைத்தது. 'பால்', 'பாலினம்' என்ற இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு தெரிந்திருந்தால்தான் அந்த வாக்கியமே புரியும். பொதுமக்கள் படிவத்தில் அந்த அனுமானம் ஆபத்து.

சட்டத்தில் ஒரே சொல், வேறு வேறு பொருள்

சட்டங்கள் இந்தச் சொற்களைத் தத்தம் தேவைக்கு ஏற்ப வரையறுக்கின்றன. இந்தியாவில் 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை திருநங்கை, திருநம்பி, ஊடுபால் கொண்டவர் எல்லோரையும் ஒரே சொல்லுக்குள் சேர்த்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2025 ஏப்ரலில், அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்றது. முடிவு எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒவ்வொரு நீதிமன்றமும் தன் முன்னிருந்த ஒரு சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னது. இவற்றில் எதையும் அறிவியல் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"திருநங்கை பெண்ணா?" என்ற கேள்விக்கும் இதே முறையில்தான் பதில் தேட வேண்டும். பாலின அடையாளத்தையும் சமூக வாழ்வையும் பற்றிக் கேட்டால், ஆம். கருமுட்டை உருவாக்கும் திசையில் அமைந்த உடலா என்று கேட்டால், இல்லை. ஒரு பதில் மற்றதைப் பொய்யாக்குவதில்லை. விளையாட்டுப் போட்டியிலோ சிறையிலோ எதை அளவுகோலாக வைப்பது என்பது நியாயம், பாதுகாப்பு, கண்ணியம் ஆகியவற்றை எடைபோட்டு மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு. உயிரியல் அதற்குத் தகவல் தரும், முடிவைத் தராது.

பேசும்போதும் எழுதும்போதும்

ஆங்கிலத்தில் பெரும் சர்ச்சையாக இருக்கும் பிரதிப்பெயர் விவகாரம் தமிழில் பாதி தீர்ந்தே இருக்கிறது. 'அவர்' என்றும் 'வந்தார்' என்றும் எழுதினால் மரியாதையும் கிடைக்கும், பாலும் தெரியாது. அவன், அவள் என்று எழுதியே ஆக வேண்டிய இடத்தில் அவர் இப்போது வாழும் பாலினத்தை வைத்து எழுதுங்கள். பழைய நிகழ்வைச் சொல்லும்போதும் அப்படியே. அழைக்க அக்காவா அண்ணாவா என்று தயக்கமாக இருந்தால் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று நேராகக் கேட்டுவிடலாம். பழைய பெயரையும் அறுவை சிகிச்சை விவரத்தையும் கேட்காதீர்கள். செய்தியில் அவை தேவைப்படும் சந்தர்ப்பம் மிக அரிது. தேவைப்பட்டாலும் அவர் சம்மதத்தோடுதான் எழுத வேண்டும். 'திருநங்கையாக மாறினார்' என்பதற்குப் பதிலாக 'திருநங்கை என்று தன்னை வெளிப்படுத்தினார்' என்றோ, சிகிச்சையைத்தான் சொல்கிறீர்கள் என்றால் 'ஹார்மோன் சிகிச்சை எடுத்தார்' என்றோ நடந்ததை அப்படியே எழுதலாம்.